மணல் சேர்ந்த கரையும் மணல் போன கரையும்

சென்னை பீச் ரயில் நிலையத்தில் இறங்கி, பீச் எங்கே என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். சிரித்துக்கொண்டே பஸ் ஏறச் சொல்வார்கள். நிலையத்துக்கு வெளியே ராஜாஜி சாலை. அதற்கு அப்பால் துறைமுகத்தின் நீண்ட மதில். மதிலுக்கு மேலே கிரேன்களின் தலைகள். கடல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, ஆனால் அதைப் பார்க்கத் துறைமுகத்துக்குள் போகும் பாஸ் வேண்டும். பெயர் மட்டும் பொய்யில்லை. ராஜாஜி சாலைக்கு வெள்ளைக்காரர் காலத்தில் ஃபர்ஸ்ட் லைன் பீச் என்றுதான் பெயர். அங்கிருந்த வணிகர்கள் வாசலில் நின்றபடியே கப்பலை எண்ணினார்கள்.

மெரினாவிலிருந்து வடக்கே, கடலை முடிந்தவரை கண்ணில் வைத்துக்கொண்டு, எண்ணூர் கழிமுகம் வரை போக வேண்டும் என்பது நெடுநாள் எண்ணம். தூரம் இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. சென்னைக்கு வரும் உறவினர்களுக்கு யாரும் இந்தப் பாதையைச் சொல்வதில்லை. பெசன்ட் நகர், கோவளம், மாமல்லபுரம் என்று எல்லாக் கையும் தெற்கே நீளும். வடக்கே என்ன இருக்கிறது என்று கேட்டால், “அங்க ஃபாக்டரி இருக்கு” என்பார்கள். தொழிலும் வேண்டும், கடற்கரையும் வேண்டும், இரண்டையும் சமன் செய்ய வேண்டும் என்று மேடைகளில் பேசுகிறோம். சென்னையில் அந்தச் சமன் எப்போதோ செய்து முடிக்கப்பட்டுவிட்டது. தராசின் ஒரு தட்டு தெற்கே இருக்கிறது, இன்னொன்று வடக்கே.

காலை ஆறு மணிக்கு உழைப்பாளர் சிலை அருகே மணலில் இறங்கினேன். 1959-இல் நிறுவப்பட்ட தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் வெண்கலத் தொழிலாளர்கள் நால்வரும் அந்தப் பாறையை இன்னும் நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் கடல் எங்கோ தூரத்தில். மெரினாவில் கடலைத் தொடுவதற்குள் கணுக்கால் வலித்துவிடும். இடத்துக்கு இடம் முந்நூறு மீட்டருக்கு மேல் மணல். ராட்டினம், பலூனைச் சுடும் பலகை, மூடிக்கிடக்கும் பஜ்ஜிக் கடைகள், தார்ப்பாய் போர்த்திய தள்ளுவண்டிகள், குதிரைச் சாணம், நடைப்பயிற்சிக்காரர்கள், விடியவிடியத் தூங்கிவிட்டு எழுந்திருக்க மனமில்லாதவர்கள். இவ்வளவையும் தாண்டினால்தான் அலை.

இந்த அகலம் ஆதியிலிருந்து இருந்ததில்லை. 150 ஆண்டுகளுக்கு முன்பு இங்கே இருந்தது சாலையை ஒட்டிய குறுகலான, சேறு படிந்த ஒரு கரை. அலை ஏறக்குறைய இன்றைய காமராசர் சாலைப் பக்கம் வரை வந்து போனது. 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளை இறக்கி வைக்கும் கிடங்கு. பனிக்கட்டியை வெயிலில் வெகுதூரம் தூக்கிக்கொண்டு போகும் இடத்தில் எவனும் கிடங்கு கட்டமாட்டான். இப்போது அந்தக் கட்டடத்தின் மாடியிலிருந்து பார்த்தால் முதலில் சாலை, பிறகு மணல், மணல், மணல், கடைசியில் ஒரு நீலக்கோடு.

மணல் எங்கிருந்து வந்தது? மதராஸுக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட, மனிதரும் சரக்கும் மசூலா படகுகளில் அலையோடு மல்லுக்கட்டிக் கரை சேர்ந்தார்கள். நனையாமல் வந்தவர் குறைவு, உயிரோடு வராதவரும் உண்டு. 1861-இல் இரும்புக் கம்பங்களின் மேல் ஒரு நீண்ட பாலத்துறை கட்டினார்கள். அது போதவில்லை. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து அடிக்கல் நாட்ட, கடலுக்குள் இரண்டு கற்கைகள் நீண்டன. வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில், ஒரு புயல் வந்து அந்தக் கைகளை முறித்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள்.

இங்கேதான் கதை திரும்புகிறது. நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் தங்காது. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்கி மணலை வடக்கே தள்ளுகின்றன. வாடைக்காற்று தொடங்கினால் கொஞ்சம் தெற்கே திரும்பித் தள்ளும். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது வடக்கே போனது அதிகம். ஒவ்வோர் ஆண்டும் பல லட்சம் கன மீட்டர் மணல் இப்படித் தெற்கிலிருந்து வடக்கே நடந்து போகிறது. அதன் குறுக்கே ஒரு கல்சுவரைக் கட்டினால் சுவரின் தென்புறம் மணல் தேங்கும். வடபுறத்துக்கு வரவேண்டிய மணல் வராது. ஆனால் அங்கே அலை தன் வேலையை நிறுத்தாது. இருக்கும் மணலை எடுத்துக்கொண்டு மேலே போய்விடும்.

துறைமுகம் எழுந்த சில ஆண்டுகளிலேயே தெற்கே மணல் ஏறத் தொடங்கிவிட்டது. 1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் அந்தப் புதிய கரையைப் பார்த்து, 1884-இல் நடைபாதை போட்டு, இத்தாலியக் கரைகளின் நினைவில் மெரினா என்று பெயரும் வைத்தார். மெரினாவைத் தந்தவர் அவர் என்று கல்வெட்டுகளும் பாடப்புத்தகங்களும் சொல்கின்றன. எனக்கு அதில் ஒரு திருத்தம். மெரினாவைத் தந்தது துறைமுகம். டஃப் அதற்குப் பெயர்சூட்டு விழா நடத்தினார்.

ஆக, உலகின் பல ஊர்களில் தொழில் வந்து கடற்கரையை விழுங்கியதென்றால், இங்கே தொழில்தான் கடற்கரையைப் பெற்றது. அந்தக் கரை வெறும் காற்று வாங்கும் இடமாகவும் நிற்கவில்லை. 1907-இல் விபின் சந்திர பால் பேசியதைக் கேட்கக் கூட்டம் இந்த மணலில்தான் உட்கார்ந்தது. 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியபோது ஒரு கூட்டம் உயர் நீதிமன்றத்துக்கு எதிரேயுள்ள கரையில், இன்னொன்று திருவல்லிக்கேணிக் கரையில். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக லட்சக்கணக்கானோர் இரவும் பகலும் கூடியதும் இங்கேதான். இத்தனை பேரைக் கொள்ளும் மைதானம் ஊருக்குள் வேறு எங்கே இருக்கிறது? அந்த இடத்தை யாரும் திட்டமிட்டுத் தரவில்லை. ஒரு துறைமுகப் பொறியாளருக்குத் தலைவலியாக வந்து சேர்ந்த மணல், மக்களுக்குச் சபையாயிற்று.

தலைவலி என்று சும்மா சொல்லவில்லை. துறைமுகத்தின் முதல் வாயில் கிழக்கு நோக்கி இருந்தது. அதை மணல் அடைக்கத் தொடங்கியது. 1904 முதல் 1919 வரை துறைமுகப் பொறுப்புக் கழகத் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாயிலை மூடிவிட்டு வடகிழக்கில் புதிதாகத் திறந்தார். சென்னையை இன்றைய துறைமுகமாக்கியவர் அவர்தான் என்பார்கள். துறைமுகத்துக்கு வடக்கே உள்ள ராயபுரத்துக் கரையைக் குறித்து அவரிடம் கேட்க நமக்கு வாய்ப்பில்லை.

மெரினாவிலும் எல்லாம் மணமாக இல்லை. கிடைத்த கரையை யார் வைத்துக்கொள்வது என்ற வழக்கு அன்றிலிருந்து ஓடுகிறது. அயோத்தியாகுப்பம், நடுக்குப்பம், நொச்சிக்குப்பம் எல்லாம் மெரினா என்ற பெயர் வருவதற்கு முன்பே இருந்தவை. சிங்காரவேலரே மீனவர் குடும்பத்துப் பிள்ளை. 1985-இல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரத்தையும் வலையையும் மணலிலிருந்து அகற்ற அரசு முனைந்தபோது மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் செத்தார்கள். 2023-இல் லூப் ரோட்டு மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், பிறகு மீன் விற்பவர்களுக்கென்று தனிச் சந்தை கட்டப்பட்டது. ஒரு பக்கம் மீன் விற்கிற பெண்ணை நகரச் சொல்கிறோம். இன்னொரு பக்கம் 1969-இல் அண்ணாவில் தொடங்கி நான்கு முதலமைச்சர்களின் சமாதிகள் அதே கரையில் ஏக்கர் கணக்கில் விரிகின்றன. பொதுக்கரை என்றால் பொதுவில் யாருக்கு என்ற கேள்விக்கு, பெரிய ஆள்களுக்கு என்பதும் ஒரு விடை போலிருக்கிறது.

இருந்தாலும் மெரினா பிழைத்துக் கிடக்கிறது. அதற்கு மனிதரின் நல்லெண்ணத்தைவிடச் சட்டம் காரணம். 1981-இல் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கு எழுதிய கடிதத்தில், உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குக் கட்டடம் கூடாது என்றார். பத்தாண்டு கழித்து, 1991-இல், கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. பிறகு 2011-இலும் 2019-இலும் அதை மாற்றி எழுதினார்கள். மாற்றும்போதெல்லாம் கொஞ்சம் தளர்த்தினார்கள். சட்டத்தோடு இன்னொரு காவலும் மெரினாவுக்கு உண்டு. அதற்கு எதிரே பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, போலீஸ் தலைமையகம். அருகே சட்டமன்றம், உயர் நீதிமன்றம். இங்கே ஒரு கல் புரண்டாலும் மறுநாள் பத்திரிகையில் வரும்.

கூவம் முகத்துவாரத்தை நேப்பியர் பாலத்தின் மேலிருந்து பார்த்தேன். ஆறு கடலில் சேர வேண்டிய இடத்தில் மணல்திட்டு. பொக்லைன் ஒன்று வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தது. இதுவும் துறைமுகத்தின் தென்புறம்தான், மெரினாவை வளர்த்த மணல் ஆற்றின் வாயையும் அடைக்கிறது. கூவத்தின் நாற்றத்துக்கு நாம் ஊற்றும் சாக்கடை முதல் காரணம், அந்தச் சாக்கடை கடலுக்குப் போக வழியில்லாதது இரண்டாவது காரணம்.

பாரிமுனையில் காபி. அங்கிருந்து பஸ்ஸில் ராயபுரம் பக்கம்.

2011 வரை இந்தப் பகுதியில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நடப்பது துணிச்சலான காரியம். துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் திறந்த வெளியில் குவித்து ஏற்றி இறக்கினார்கள். கரித்தூள் ராயபுரத்து வீடுகளுக்குள்ளும் பாரிமுனை அலுவலகங்களுக்குள்ளும் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளும் வந்தது. வழக்கு நடந்தது. அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கூடாது என்றானது. நல்ல தீர்ப்பு, மறுப்பில்லை. ஆனால் நிலக்கரி மறைந்துவிடவில்லை. எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. வடக்கே போக வேண்டிய மணலைத் தடுத்தவர்கள், வேண்டாதவற்றை மட்டும் தடையில்லாமல் வடக்கே அனுப்பி வைக்கிறார்கள் என்பது இந்தப் பயணத்தில் எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றியது.

காசிமேட்டில் ஏலம் முடிந்து பனிக்கட்டித் தண்ணீர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. வஞ்சிரமும் சங்கராவும் கூடைகளில். சென்னையின் மீன் பாதிக்கு மேல் இந்த இரண்டு தெருக்களைத் தாண்டித்தான் வருகிறதோ என்று நினைக்கும்படியான கூட்டம். இதை 1984-இல் திறந்த மீன்பிடித் துறைமுகம் தந்த வாழ்வு என்று சொல்ல வேண்டும். துறைமுகம் என்றாலே மீனவனுக்குப் பகை என்று எழுதுபவர்கள் ஒரு காலை வேளையில் இங்கே வந்து நிற்கலாம். விசைப்படகுக்காரருக்கு அலைதடுப்புச் சுவர் தெய்வம். கரையில் இழுத்து வைக்கும் ஃபைபர் படகுக்காரருக்கோ மணல்தான் துறைமுகம். மணல் இல்லாத கரையில் அவர் படகை எங்கே ஏற்றுவார்?

அதைக் காசிமேடு தாண்டியதும் பார்க்கலாம். எண்ணூர் விரைவுச் சாலையில் வலப்புறம் முழுக்கக் கருங்கல். ஆள் உயரக் கற்களைக் குவித்து அலைக்குக் கரை கட்டியிருக்கிறார்கள். இடப்புறம் கண்டெய்னர் லாரிகளின் வரிசை. நடுவே நாம். ஆட்டோ ஓட்டியவருக்கு ஐம்பது வயது இருக்கும், பிறந்ததே இந்தப் பக்கம்.

“சார், இங்க தெருவே இருந்துச்சு. எங்க பாட்டி வூடு இருந்த எடம் இப்ப அதோ, அலை ஒடையுது பாருங்க, அங்க. மாரியம்மன் கோயிலு ரெண்டு தபா எடம் மாறிச்சு.”

“கல் போட்டதுக்கு அப்புறம் நின்னுச்சா?”

“ஊரு நின்னுச்சு. பீச்சு போச்சு. புள்ளைங்க வெளையாட எங்க போவும்? மெரினாவுக்கு ஞாயித்துக்கெழம கூட்டினு போவணும்.”

கற்சுவரின் இயல்பே அதுதான். பின்னால் உள்ள சாலையைக் காக்கும், முன்னால் உள்ள மணலைக் காக்காது. கல்லில் மோதித் திரும்பும் அலை காலடியில் மிச்சமிருப்பதையும் அரித்துக்கொண்டு போகும். இது போதாதென்று தூண்டில் வளைவு. கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிய கல்வரிசைகள். இரண்டு வளைவுகளுக்கு நடுவே கொஞ்சம் மணல் சேர்கிறது, படகு ஏற்ற இடம் கிடைக்கிறது, குப்பத்துக்காரர்கள் அதற்காகச் சாலை மறியல் செய்து வாங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கடைசி வளைவுக்கு வடக்கே இருக்கும் குப்பத்தில் அரிப்பு இரண்டு மடங்காகும். அவர்களும் மறியல் செய்வார்கள். பெரிய துறைமுகம் ராயபுரத்துக்குச் செய்ததைச் சிறிய வளைவு பக்கத்துக் குப்பத்துக்குச் செய்கிறது. பொதுப்பணித் துறைக்கு வேலை தீராது.

திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதிக் கோயில் சாலையை ஒட்டி இருக்கிறது. செல்வத்தையெல்லாம் உதறிவிட்டு வந்தவர் கடைசியில் இந்தக் கடலோரத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பது ஐதிகம். இன்று அவர் சந்நிதியிலிருந்து பார்த்தால் கோடிக்கணக்கான ரூபாய்ச் சரக்கு லாரிகளில் அசையாமல் நின்றுகொண்டிருக்கிறது. பூசை செய்பவரிடம் வெளிப்புறச் சுவரில் உள்ள கறையைப் பற்றிக் கேட்டேன். “உப்புக்காத்தும் லாரிப் புகையும் சேர்ந்துச்சுன்னா சுண்ணாம்பு நிக்காதுங்க” என்று முடித்துக்கொண்டார்.

விம்கோ நகர் டீக்கடையில்தான் எதிர்த்தரப்பு வாதத்தைக் கேட்டேன். விம்கோ என்பது தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயர், இன்று மெட்ரோ நிலையத்தின் பெயராக நிற்கிறது. பெரியவர் ஒருவர், லாரி தயாரிக்கும் ஆலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் கேள்விகள் அவருக்குப் பிடிக்கவில்லை.

“தம்பி, நீங்க எங்க இருந்து வர்றீங்க? மயிலாப்பூரா? உங்களுக்கு ஃபாக்டரி அழுக்கு. எங்களுக்கு அதான் சோறு. எங்க அப்பா உப்பளத்துல உப்பு வாரினவரு. நான் ஐ.டி.ஐ. படிச்சு ஃபிட்டர் ஆனேன். எம் பொண்ணு சாஃப்ட்வேர்ல இருக்கா. பீச்ச வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்ணியிருப்போம்?”

நான் பதில் சொல்லவில்லை. அவர் சொல்வது உண்மை. நாற்பதுகளின் கடைசியில் எண்ணூரில் மோட்டார் ஆலை வந்தது. 1956-இல் திருவொற்றியூரில் புல்லட் தயாரிக்கத் தொடங்கினார்கள். அறுபதுகளில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் பிறகு அதன் நிழலில் உரத் தொழிற்சாலையும் வந்தன. தமிழ்நாட்டில் தொழிற்சங்கம், வாசகசாலை, நாடகக் குழு, கால்பந்து, கேரம், பாக்ஸிங் என்று ஒரு முழுத் தொழிலாளர் பண்பாடே இந்த வட்டாரத்தில் வளர்ந்தது. அதையெல்லாம் கழித்துவிட்டு, போன மணலை மட்டும் கணக்கெழுதினால் அது தெற்கத்திக்காரனின் கணக்கு.

ஆனால் பெரியவரின் வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு, அதை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் நண்பரே போட்டார். “நீ பர்மனென்ட். அதனால பேசுற. இப்ப யாரு பர்மனென்ட்? பவர் ஹவுஸ்ல கான்ட்ராக்ட், ஹார்பர்ல கான்ட்ராக்ட். அதுவும் வடக்க இருந்து வர்ற பசங்களுக்கு. நம்ம ஊருக்குச் சாம்பல் மட்டும் பர்மனென்ட்டு.” பெரியவர் சிரித்துவிட்டு இன்னொரு டீ சொன்னார். மோட்டார் ஆலை தந்ததைப் போல ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு மாதச் சம்பளம் தரும் தொழில் வேறு, நிலக்கரிக் குவியலும் கண்டெய்னர் முற்றமும் வேறு. இரண்டையும் தொழில் வளர்ச்சி என்ற ஒரே தலைப்பில் எழுதி ஒரே தட்டில் வைப்பதில்தான் நம் விவாதங்கள் வழுக்குகின்றன. ஓர் ஏக்கர் கரையை எடுத்துக்கொள்ளும் தொழில் பதிலுக்கு எத்தனை நிரந்தர வேலை தருகிறது என்று கேட்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்டால் துறைமுக விரிவாக்கங்களின் மினுமினுப்பு கொஞ்சம் மங்கும்.

எண்ணூர்.

ஒரு காலத்தில் மதராஸ் துரைமார் படகு விடவும் மீன் விருந்து உண்ணவும் வந்து தங்கிய ஊர் இது. தோட்ட வீடுகள் இருந்தன. கொசஸ்தலை ஆறு கடலைச் சேருமிடத்தில், உப்பங்கழியும் அலையாத்தியும் வெண்மணலும் கூடிய கரை. மெரினா சேறாகக் கிடந்த நாளில் சென்னைக்குக் கடற்கரை என்றால் எண்ணூரைச் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று முகத்துவாரத்தின் பாலத்தில் நின்றால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள்தாம் திசை காட்டுகின்றன. வடசென்னை அனல்மின் நிலையம் தொண்ணூறுகளில் வந்தது. அதற்கு நிலக்கரி இறக்கவென்றே எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறக்கப்பட்டது. இன்று அதற்குக் காமராசர் பெயர். சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள். குழாய் உடையும்போதெல்லாம் சாம்பல் கழியில் இறங்கிப் படிந்து இறுகுகிறது. மின் நிலையத்தின் சுடுதண்ணீரும் அதே கழிக்குத்தான் வருகிறது.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். பேச்சில் கசப்பைவிடக் கணக்கு அதிகம்.

“முன்ன இடுப்பளவு தண்ணில எறங்கி, கையால தடவி இறால் புடிப்பாங்க. இருளர் பொம்பளைங்க கூடையப் பல்லுல கடிச்சினு போவாங்க. இப்ப கால வச்சா சாம்பல், இல்லாட்டி காக்கா ஆழி. காலக் கிழிச்சிடும்.”

காக்கா ஆழி, தென்னமெரிக்கக் கரைகளிலிருந்து வந்த ஒரு சிப்பியினம். கப்பல்கள் நிலை நிற்பதற்காக வயிற்றில் நிரப்பி வந்து இங்கே கொட்டும் தண்ணீரில் வந்து சேர்ந்திருக்கும் என்கிறார்கள். கழியின் அடித்தரையில் பாய் விரித்தாற்போல் படர்ந்து இறாலுக்குப் புதைய மண் இல்லாமல் செய்துவிட்டது. பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு அகற்றச் சொன்னது. துறைமுகத்தின் லாப நஷ்டக் கணக்கில் இப்படியொரு செலவு எந்தப் பத்தியிலும் இருக்காது.

2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. மெரினாவில் ஜல்லிக்கட்டுக் கூட்டம் கலைந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கசிந்த எண்ணெய் தெற்கே மெரினாவையும் தாண்டிப் போனது. எண்ணூர்ப் பக்கத்துக் கற்சுவர்களின் இடுக்குகளில் அது களியாய்ச் சேர்ந்தது. மாணவர்களும் மீனவர்களும் பக்கெட்டில் அள்ளினார்கள். செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பிய நாடு பக்கெட்டில் எண்ணெய் அள்ளியதை ஊர் பார்த்தது. அந்த ஒருமுறை மட்டும் வடக்கின் அழுக்கு தெற்கே வந்ததால்தான் அவ்வளவு செய்தியாயிற்றோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிக்கு வந்து, வலையையும் படகையும் வீட்டுச் சுவர்களையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26-ஆம் தேதி, சுனாமி நினைவு நாளன்று இரவு, பெரியகுப்பத்துக்கு அருகே உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

முகத்துவாரத்துக்கு வடக்கே காட்டுப்பள்ளி. அங்கே இன்னொரு துறைமுகம் ஏற்கெனவே இயங்குகிறது. 330 ஏக்கரில் இருப்பதை ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டம் கோப்பில் இருக்கிறது. அதில் ஒரு பகுதி கடலைத் தூர்த்து எடுப்பது. அதற்கும் வடக்கே பழவேற்காடு ஏரி, கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மெல்லிய மணல்மேடு. எண்ணூர்த் துறைமுகச் சுவர்களுக்குத் தெற்கே மணல் தேங்கிக் கழியின் வாயை அடைப்பதையும் வடக்கே கரை கரைவதையும் கண்ணால் பார்த்தவர்கள், அடுத்த சுவர் எழுந்தால் அந்த மணல்மேடு என்னாகும் என்று கேட்கிறார்கள். 1875-இல் ராயபுரத்துக்காரருக்கு இந்தக் கேள்வி தெரிந்திருக்க வழியில்லை. இவர்களுக்கு 150 ஆண்டு முன்னனுபவம் இருக்கிறது.

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. தென்புறம் தேங்கும் மணலைக் குழாய் வழியே சுவரைத் தாண்டி வடபுறம் சேர்ப்பது. ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் பகுதியில் 1986 முதல் ஒரு நிலையம் இதைச் செய்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், விசாகப்பட்டினத்தில் வெளித்துறைமுகத்தின் மணல்பொறியில் சேருவதை வாரி ஆர்.கே. கடற்கரையில் கொட்டுகிறார்கள். குறைகள் உண்டு, ஆண்டுதோறும் செலவு உண்டு, நிறுத்தினால் கரை மறுபடி போகும். ஆனால் அதில் ஒரு நியாயம் ஒத்துக்கொள்ளப்படுகிறது. மணல் துறைமுகத்தின் சொத்து இல்லை, வழியில் மறித்த பொருளை உரியவரிடம் சேர்க்கும் கடமை மறித்தவருக்கு உண்டு. சென்னையில் கற்சுவருக்குச் செலவழித்தது மாநில அரசு, அதாவது நாம். துறைமுகத்தின் ஆண்டுச் செலவில் ராயபுரத்துக்கான மணல் என்று ஒரு வரி இருந்திருந்தால், கப்பலுக்கு விதிக்கும் கட்டணம் சற்றே கூடியிருக்கும். ஆட்டோக்காரரின் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டியிருக்காது. புதிய துறைமுகம் கேட்பவர்களிடம் இந்த வரியை முதலில் எழுதச் சொல்லி, எழுத மறுத்தால் அனுமதியை மறுப்பது ஒன்றும் தொழிலுக்கு எதிரான செயல் ஆகாது.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். மணலைக் குழாயில் அனுப்புவார்களாம் என்றதும் வலையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“சாம்பலக் கொழாயில அனுப்பத் தெரியுது இல்ல? மணல அனுப்பினா இன்னா?”

பிறகு கேட்டார், காட்டுப்பள்ளிக்குக் கருத்துக்கேட்பு எப்போது என்று. 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் நாள் குறித்து, இரண்டு முறையும் தள்ளிவைத்தார்கள். கொடுக்க எழுதி வைத்த மனு இன்னும் வீட்டில் இருக்கிறதாம், ஜெராக்ஸோடு. அறிவிப்பு பேப்பரில்தான் வரும், எந்தப் பேப்பர் என்று சொல்லமாட்டார்கள், பெரும்பாலும் இங்கே வராத பேப்பராக இருக்கும்.

“நீ பேப்பர் படிக்கிற ஆளுதான? தேதி போட்டா போன் பண்ணு தம்பி” என்று தன் பேரனைக் கூப்பிட்டு என் நம்பரை அவன் செல்லில் ஏற்றச் சொன்னார்.